பிள்ளை ஃபேருக்குக் கொண்டுபோக எந்த வாத்து? கயூகா வளர்த்த அனுபவம்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் எட்டு வயதாகி மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் ஃபோர்-எச் என்ற சிறுவர் அமைப்பில் சேர்ந்து, ஒரு பிராணியை வளர்த்துக் கோடையில் கவுண்டி ஃபேரில், அதாவது வட்டாரக் கண்காட்சியில், காட்டலாம். ஆடு, பன்றி எல்லாம் வேண்டாம், வாத்துதான் என்றாள் என் மகள். அப்போது பிடித்துச் சில வருடங்களாக எங்கள் கொல்லையில் கயூகா என்ற வகை வாத்துகள் இருக்கின்றன. எந்த வகை வாங்கலாம் என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதிவைக்கிறேன்.

கயூகா நியூயார்க் மாநிலத்து வாத்து, அங்கே அதே பெயரில் ஓர் ஏரியும் உண்டு. உடம்பு முழுக்கக் கறுப்பு. வெயில் பட்டால் பொன்வண்டுப் பச்சை. காட்சிப் பறவைகளுக்கு அளவுகோல் வகுக்கும் அமெரிக்கன் பவுல்ட்ரி அசோசியேஷன் 1874இல் இதை அங்கீகரித்தது. வளர்ந்த ஆணுக்கு 8 பவுண்டு, பெட்டைக்கு 7 என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவு.

நான் முதலில் பார்க்கச் சொல்வது பிள்ளையின் கையை. ஃபேரில் பறவையின் அழகுக்கு ஒரு போட்டி. அதைப் பிள்ளை எப்படிக் கையாளுகிறாள் என்பதற்கு, ஷோமேன்ஷிப் என்று, தனியாக இன்னொன்று. வாத்தின் கால்கள் மெலிந்தவை, கோழியைப் போலக் காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. உள்ளங்கையை நெஞ்சுக்கு அடியில் கொடுத்து, இரண்டு கால்களையும் விரலிடுக்கில் பிடித்து, தலை பின்பக்கம் போகுமாறு அக்குளில் இடுக்கி, முழங்கையால் இறக்கையை அணைத்துக்கொள்ள வேண்டும். அந்த நிலையிலேயே இறக்கையை விரித்துக் காட்டு, எண்ணெய்ச் சுரப்பி எங்கே என்று ஜட்ஜ் கேட்பார். கயூகா இதற்கெல்லாம் பொறுமையாக இருக்கும். நகம் மட்டும் கூர்மை. முழுக்கைச் சட்டை போட்டுவிடுங்கள்.

இரண்டாவது சேறு. வாத்து இருக்கும் இடத்தில் சேறு இருந்தே தீரும். கயூகாவின் கறுப்பில் அது தெரியாது. பீக்கின் என்ற வெள்ளை வாத்து வைத்திருந்தவர்கள் ஃபேருக்கு முந்தின வாரம் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன், மஞ்சள் கறை லேசில் போகாது. நாங்கள் ஒரு வாரம் முன்பே மரச்சீவல் பரப்பிய கொட்டகைக்கு மாற்றி, தினமும் தொட்டியில் புதுத் தண்ணீர் விடுவோம். மிச்சத்தை வாத்தே பார்த்துக்கொள்ளும். சோப்பு போட்டால் இறகின் எண்ணெய் போய்விடும்.

கயூகாவில் குறையும் உண்டு. பெட்டைக்கு வயது ஏற ஏற வெள்ளை இறகு முளைக்கிறது. எங்கள் மூத்த பெட்டைக்கு இப்போது கழுத்தெல்லாம் வெள்ளை. வீட்டுக்கு அழகுதான், போட்டிக்கு ஆகாது. ஆகவே அநேகமாக வருடா வருடம் இளசு வேண்டும்.

மற்ற வகைகள்? பீக்கின் கனம், ஆண் 10 பவுண்டு. ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கை வலிக்கும். தவிர அதைப் பலர் இறைச்சிப் பிரிவில்தான் சேர்க்கிறார்கள், பல ஃபேர்களில் கடைசியில் ஏலம், அப்புறம் வெட்டு. சேர்க்கும் முன்பே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள், ஏலத்தன்று சொல்லாதீர்கள். ரன்னர் என்ற வகை பாட்டிலை நிறுத்திவைத்ததுபோல் நிமிர்ந்து நடக்கும், பார்க்க ஜோர்; ஆனால் மிரளும். மல்லார்ட் வேண்டவே வேண்டாம் என்பேன்: காட்டு இனம் என்பதால் ஆறு வாரத்துக்குள் அடையாளம் இடவேண்டும் என்று அமெரிக்க மத்திய அரசு விதியே இருக்கிறது.

ஃபேரில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போவது பெரும்பாலும் கால் டக் (Call duck) என்ற குட்டி வாத்து. முக்கால் கிலோகூடத் தேறாது, குட்டை அலகு, உருண்டை முகம், சின்னக் கைக்கு அளவெடுத்த மாதிரி. ஆனால் பெட்டையின் தொண்டை தெருக்கோடிவரை கேட்கும். அலகு குட்டையாகக் குட்டையாகக் குஞ்சு முட்டை ஓட்டை உடைத்து வெளியே வரவும் திணறும். பறக்கவும் செய்யும், கூரை இல்லாத கூண்டு உதவாது.

எதை வாங்கினாலும் எங்கே வாங்குகிறீர்கள் என்பதில்தான் விஷயம். ஹேச்சரியிலிருந்து (குஞ்சு பொரித்து விற்கும் பண்ணை) தபாலில் வரும் குஞ்சு ஷோமேன்ஷிப்புக்குப் போதும்; அழகுப் போட்டியில் எடையும் உடலமைப்பும் இடிக்கும். அதற்குக் காட்சிக்கென்றே வளர்ப்பவரிடம் போக வேண்டும். நாங்கள் முதலில் ஹேச்சரிக் குஞ்சு எடுத்தோம், மகள் பழகிய பிறகு ஒரு வளர்ப்பாளரிடம் ஜோடி வாங்கினோம். பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினால் வித்தியாசம் எனக்கே தெரிகிறது.

குஞ்சுக்குக் கோழித்தீவனம் மட்டும் போதாது. வாத்துக்குஞ்சுக்கு நியாசின் என்ற வைட்டமின் அதிகம் தேவை, குறைந்தால் கால் வளையும். தீவனத்தில் நியாசின் உள்ள ப்ரூவர்ஸ் ஈஸ்ட் தூளைத் தூவுங்கள்.

இன்னொன்று, பறவைக்காய்ச்சல் வந்தால் எல்லாம் ரத்து. 2015இல் ஒஹாயோ முழுக்க ஃபேர்களில் உயிருள்ள பறவையே காட்டவிடவில்லை. பிள்ளையிடம் இதையும் சொல்லிவையுங்கள்.

இப்போது மகளுக்குப் பன்னிரண்டு வயது. அடுத்து கால் டக் வேண்டுமாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசிவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்றிருக்கிறேன்.