கறை பிடித்த பழைய மெத்தையை ரீயூனியனில் எங்கே கொடுப்பது? என் ஓட்டு டெஷெத்ரிக்கு

நாங்கள் இருப்பது இந்தியப் பெருங்கடலில் பிரான்சைச் சேர்ந்த ரீயூனியன் தீவில். அவசரத்தில் இருப்பவர்கள் இந்த ஒரு பத்தியைப் படித்தால் போதும். மெத்தையில் மூத்திரக் கறை, ரத்தக் கறை எதுவாக இருந்தாலும் சரி, நன்றாகக் காயவைத்து, பிளாஸ்டிக் உறையில் முழுசாகப் போட்டு டேப் ஒட்டி, தெரிந்தவர்களிடம் ஒரு காமியோனெத் (சின்ன சரக்கு வண்டி) கிடைக்கிற நாளில் நேராக டெஷெத்ரிக்கு, அதாவது வீட்டுப் பழைய சாமான்களை வாங்கிக்கொள்ளும் பொதுக் குப்பை மையத்துக்கு, கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். காசு கேட்க மாட்டார்கள், முகம் சுளிக்கவும் மாட்டார்கள். புது மெத்தை கொண்டுவரும் கடைக்காரர் பழையதை எடுத்துப்போவார் என்று அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். தெருவில் வைத்தால் குப்பை வண்டி வந்து எடுத்துப்போகும் அங்கோம்ப்ரான் (பெரிய சாமான்) முறை மேற்குக் கரையில் வெயிலில் இருப்பவர்களுக்கு ஒத்துவரலாம், கிழக்கே சாந்தாந்த்ரே ஊர்ப் பக்கம் மழையில் இருக்கிற எங்களுக்கு ஒத்துவராது.

எங்கள் வீட்டில் இருந்தது என் மாமனார் படுத்திருந்த மெத்தை. 140க்கு 190 சென்டிமீட்டர் அளவு, ஸ்பிரிங் வைத்தது, ஒருவராகத் திருப்பக்கூட முடியாத கனம். பக்கவாதம் வந்தபிறகு மாமாவுக்குச் சிறுநீர் கட்டுப்படவில்லை. ரப்பர் விரிப்பு போட்டோம், டயப்பர் போட்டோம், ஆனால் தூக்கத்தில் அவர் ஒரு பக்கமாகச் சரியும்போது விரிப்பும் கூடவே சுருண்டுவிடும், விடிந்து பார்த்தால் ஈரம் மெத்தைக்குள் இறங்கியிருக்கும். அப்படி இறங்கி இறங்கி நடுவில் பழுப்பு, அதைச் சுற்றி மஞ்சள் வளையம், தையல் ஓரம் நெடுகக் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை. சமையல் சோடா தூவு, வினிகர் தெளி என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். புதிதாகப் பட்ட கறைக்கு அதெல்லாம் கேட்கும், ஃபோமுக்குள் இறங்கிக் காய்ந்துபோனதற்குக் கேட்காது.

மாமாவுக்குக் கருமாதி முடிந்ததும் காரைக்காலிலிருந்து கொழுந்தனார் போன் பண்ணினார். "அண்ணி, அதை வீட்ல வச்சிருக்காதீங்க, அண்ணன்கிட்ட சொல்லி வெளியே போட்டுக் கொளுத்திடச் சொல்லுங்க." அவர் சொன்னதில் தப்பில்லை, ஊரில் இறந்தவர் படுத்த பாயையும் தலையணையையும் அப்படித்தான் செய்வோம். ஆனால் அது கோரைப்பாய்க்கும் இலவம்பஞ்சுக்கும் சரி. இது பாலியூரித்தேன் ஃபோம், எரிந்தால் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வரும், சயனைடு என்றால் விஷம்தான். இங்கே வீட்டுக் குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பதே சட்டப்படி தடை. எனவே கொளுத்துகிற யோசனையை அன்றைக்கே விட்டுவிட்டோம்.

வெட்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் மெத்தையை அறைக்குள் சுவரில் சாய்த்துப் போர்வை போட்டு மூடி மாதக்கணக்கில் வைத்திருப்பது அதனால்தான். எனக்காக நான் கூச்சப்படவில்லை, படுக்கையில் கிடந்த ஒருவரைப் பார்த்துக்கொண்ட வீட்டில் கறை இருக்கத்தான் செய்யும். மாமா கோலோஸ் கோயிலுக்குப் போகும்போது இஸ்திரி போடாத சட்டை போட்டதே கிடையாது, காலர் ஓரத்தைக் கையால் நீவி நீவிப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவார். அவருடைய கறையைத் தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்ப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. இந்த விமர்சனத்தில் நான் ஒவ்வொரு சேவையையும் அளந்தது அதை வைத்துத்தான்: எடுத்துக்கொண்டார்களா என்பது ஒரு பாதி, எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பது மறுபாதி.

முதலில் கடை. பெயர் வேண்டாம். பிரான்சின் சட்டம் இங்கேயும் அப்படியே செல்லும், 2022 ஜனவரியிலிருந்து பெரிய மரச்சாமான் கடைகள் புதியது ஒன்று விற்றால் அதே மாதிரிப் பழையது ஒன்றை இலவசமாகத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும், வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினால் வீட்டிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆர்டர் கொடுக்கும்போது எடுத்துப்போகிறோம் என்றுதான் கடையிலும் சொன்னார்கள். வந்த இரண்டு பேரில் ஒருவர் போர்வையை ஓரமாகத் தூக்கிப் பார்த்தார், உடனே பின்வாங்கினார், நடையில் நின்றபடி அடுத்த வீட்டுக்கும் கேட்கும் குரலில் இதெல்லாம் சுகாதாரக் கேடு, தொட மாட்டோம் என்றார். கதவு திறந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. அவர்கள் வீட்டு மனிதருக்கு இப்படி நடந்தால் இந்தக் குரலில் பேசுவார்களா என்று கேட்க வாய்வரை வந்தது. வேலையாட்களின் உடல்நலத்துக்கு ஆபத்தான அளவுக்கு அசுத்தமான பொருளை மறுக்க அதே சட்டம் இடம் கொடுக்கிறது, உண்மைதான். ஆனால் காய்ந்த பழைய கறை உறைக்குள் போய்விட்டால் யாருக்கு என்ன ஆபத்து? மறுப்பதாக இருந்தால் பணம் வாங்கும்போதே மெத்தை எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. புது மெத்தை நல்ல மெத்தை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழையதை எடுக்கும் சேவைக்கு என்னிடம் மதிப்பெண் கிடையாது.

அப்புறம் அங்கோம்ப்ரான். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு காலண்டர் உண்டு, முந்தின நாள் சாயங்காலம் வாசலில் வைத்துவிட்டால் காலையில் வண்டி வரும். பழைய அலமாரி, உடைந்த நாற்காலி எல்லாம் நாங்கள் அப்படித்தான் போட்டிருக்கிறோம், ஒழுங்காக வந்து எடுத்துப்போகிறார்கள். கறை மெத்தைக்கு மட்டும் இது ஆகாது. இராத்திரி முழுக்க அது விளக்குக் கம்பத்தடியில் எல்லாரும் பார்க்க நிற்க வேண்டும். சரி, மூடி வைக்கலாம் என்று பிளாஸ்டிக்கைச் சுற்றினால் மழை பெய்து அந்த மடிப்புகளில் தண்ணீர் தேங்கும், புலிக்கொசுவுக்கு அது போதும். 2005-06இல் இந்தத் தீவில் சிக்குன்குனியா வந்தபோது சுமார் 2,66,000 பேர், அதாவது மூன்றில் ஒருவர், படுத்துவிட்டார்கள். 2025இலும் பெரிய அளவில் திரும்பி வந்தது. வண்டி ஒரு நாள் தள்ளிப்போனால்கூட என் வாசலில் கொசு வளர்க்கிற மாதிரி ஆகிவிடும், அது வேண்டவே வேண்டாம். 2025 பிப்ரவரி 28 அன்று கரான்ஸ் புயல் அடித்து ஓய்ந்தபிறகு வெள்ளம் புகுந்த வீடுகளின் முன்னால் நனைந்த மெத்தைகள் கிடந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர் குடித்த மெத்தையை நாலு பேர் சேர்ந்தாலும் நகர்த்துவது பாடு.

காசு கொடுத்தால் எடுத்துப்போகிறேன் என்று வருகிற தனியாட்களைப் பற்றி நீட்டிச் சொல்ல மாட்டேன். நேர்மையாக டெஷெத்ரிக்குக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள், வாங்கிக்கொண்டு பள்ளத்திலோ கரும்புத் தோட்டத்து ஓரத்திலோ தள்ளிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். பொது இடத்தில் குப்பை போட்டால் 135 யூரோ அபராதம், வண்டியில் கொண்டுபோய்ப் போட்டால் 1,500 யூரோ வரைக்கும் போகும், வண்டியையும் பறிமுதல் செய்யலாம். அதைவிட முக்கியம், உங்கள் குப்பை ஒழுங்கான இடத்துக்குப் போய்ச் சேரும்வரை சட்டப்படி அது உங்கள் பொறுப்பு.

இப்போது டெஷெத்ரி. எங்கள் கிழக்குப் பக்க ஊர்களுக்கெல்லாம் குப்பை வேலையைப் பார்ப்பது சிரெஸ்ட் என்ற ஊர்களின் கூட்டமைப்பு, நீங்கள் வடக்கிலோ மேற்கிலோ தெற்கிலோ இருந்தால் உங்களுக்கு வேறு கூட்டமைப்பு, ஆனால் முறை கிட்டத்தட்ட ஒன்றுதான். பக்கத்து வீட்டு மலபார் குடும்பத்துத் தம்பி (பல தலைமுறைக்கு முன் இங்கே வந்த தமிழ் வம்சாவளியினரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) காய்கறி ஏற்றுகிற காமியோனெத்தைக் கொடுத்து, கூடவே வந்து ஒரு கை பிடித்தான். வீடு மாற்றும்போது மெத்தைக்குப் போடுகிற பெரிய பிளாஸ்டிக் உறை கடைகளில் கிடைக்கும், அதில் நுழைத்து வாயை டேப்பால் ஒட்டி, கறை உள்ள பக்கத்துக்கு மேல் ஒரு பழைய போர்வையும் உள்ளேயே வைத்திருந்தோம், வெளியிலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளை மூட்டை. வாசலில் முகவரிச் சான்று கேட்டார்கள், மின்சார பில்லைக் காட்டினோம். உள்ளே கையுறை போட்ட ஒரு பெரியவர் வந்தார், உறையைப் பிரிக்கச் சொல்லவில்லை. மூலையில் உள்ளங்கையை வைத்து நன்றாக அழுத்தினார், கையை எடுத்து இன்னொரு மூலையில் அழுத்தினார், காய்ந்திருக்கிறது என்று இந்தத் தீவின் கிரியோல் மொழியில் சொல்லிவிட்டு மரச்சாமான் பெட்டியைக் காட்டினார். பூஞ்சை இருக்கிறது என்று நானே சொன்னேன், சொன்னதற்கு நன்றி என்றார், அவ்வளவுதான். ஏன் இப்படி, யார் படுத்தது என்று ஒரு கேள்வி இல்லை. கீழே போடும்போது தூக்கி எறியாமல் மூவருமாகப் பிடித்து இறக்கினோம். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவர் அந்தப் பக்கம் திரும்பி அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். வேலை தெரிந்த மனிதர்.

அவர் ஏன் ஈரம் பார்த்தார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். காய்ந்த மெத்தையைப் பிரித்து ஸ்பிரிங்கை இரும்பாக உருக்க அனுப்பலாம், ஃபோமை அரைத்து அழுத்தி வீட்டுச் சுவருக்கு வெப்பத்தடுப்புப் பலகையும் ஜூடோ பழகுகிற விரிப்பும் செய்கிறார்கள். நனைந்தது இதற்கு ஆகாது. குப்பை மேட்டில் புதைத்தாலோ மெத்தை தொல்லை பிடித்த பொருள், அமுங்காது, இடத்தை அடைக்கும், ஸ்பிரிங் இயந்திரச் சக்கரத்தில் சிக்கும். இந்தச் சின்னத் தீவில் குப்பை புதைக்கிற பெரிய இடங்களே வடக்கே செந்த் சூஸானிலும் தெற்கே ரிவியேர் சாந்தெத்தியேனிலும் மட்டும்தான். இன்னொன்று, 2013இலிருந்து மெத்தை வாங்குகிற ஒவ்வொருவரும் பழைய சாமான்களை அப்புறப்படுத்துவதற்கென்று ஒரு சிறு தொகையை விலையோடு சேர்த்துக் கட்டிவிடுகிறோம், பில்லில் தனி வரியாக இருக்கும், பாருங்கள். ஆகவே டெஷெத்ரியில் இலவசமாக வாங்கிக்கொள்வது நமக்குச் செய்கிற தயவு இல்லை. தயங்காமல் போங்கள்.

குறை ஒன்று உண்டு, பெரிய குறை. வண்டி இல்லாதவர்களுக்கு, தூக்க ஆள் இல்லாத வயதானவர்களுக்கு இந்த வழி மூடித்தான் இருக்கிறது. அவர்கள்தான் தெருவில் வைக்கிறார்கள், அவர்கள் வீட்டு மெத்தையில்தான் கறையும் இருக்கிறது. படுக்கையில் நோயாளி இருந்த வீடுகளுக்கு மட்டுமாவது, போன் பண்ணி நாள் குறித்துக்கொண்டால் கதவுக்கே வந்து மூடி எடுத்துப்போகிற ஏற்பாடு எல்லா ஊரிலும் வேண்டும். ஐந்துக்கு நான்கு கொடுப்பது அதனால்தான்.

கடைசியாக, மருத்துவக் கட்டில் வாடகைக்கு எடுத்தவர்களுக்கு ஒரு செய்தி: கட்டிலைத் திருப்பி எடுத்துப்போவார்கள், படுக்கைப்புண் வராமல் இருக்கப் போட்ட ஃபோம் மெத்தை பெரும்பாலும் விலைக்கு வாங்கியதாக இருக்கும், அது வீட்டிலேயே தங்கிவிடும். அதையும் இதே மாதிரி காயவைத்து உறை போட்டு டெஷெத்ரிக்குக் கொண்டுபோகலாம், ஸ்பிரிங் இல்லாததால் கனமும் குறைவு. கிளம்புவதற்கு முன் திறக்கிற நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், இடத்துக்கு இடம் மாறும்.