எந்தக் கதவைத் திறப்பது: மாற்றுத்திறனாளிக் குழந்தையும் பொதுக் கழிப்பறை வகைகளும்

மாற்றுத்திறனாளிக் குழந்தையை அழைத்துக்கொண்டு வெளியே செல்லும் பெற்றோருக்குப் பொது இடங்களில் அதிகபட்சம் நான்கு வகைக் கழிப்பறைகள் கிடைக்கின்றன. ஆண், பெண் எனப் பிரித்த வழக்கமான கழிப்பறை ஒன்று. சக்கர நாற்காலிப் படம் ஒட்டிய தனியறை இரண்டாவது. கைக்குழந்தைகளுக்கு உடை மாற்றும் அறை அல்லது குடும்பக் கழிப்பறை மூன்றாவது. வளர்ந்தவரையும் படுக்கவைத்து உடை மாற்றும் பலகையும் தூக்கும் கருவியும் பொருத்திய பெரிய அறை நான்காவது. கடைசியாகச் சொன்னது சில நாடுகளில் மட்டுமே பரவலாகி வருகிறது. சக்கர நாற்காலிப் படமுள்ள அறைதான் நமக்கு உரியது என்று யோசிக்காமலே முடிவு செய்துவிடுகிறோம். பல நேரங்களில் அந்த முடிவு சரியாகவும் அமைந்துவிடுகிறது. ஆனால், அந்த அறையின் அளவுகள் எல்லாம் தன் கைகளின் வலுவால் நாற்காலியிலிருந்து இருக்கைக்குத் தானே மாறிக்கொள்ளக்கூடிய ஒரு பெரியவரை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை. பிறர் உதவியோடு உட்காரவேண்டிய ஆறு வயதுக் குழந்தையையோ, உட்காரவே இயலாத பன்னிரண்டு வயதுப் பிள்ளையையோ அந்த அளவுகள் கணக்கில் கொள்ளவில்லை. ஆகவே, கதவின் மேலுள்ள படத்தைப் பார்ப்பதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டு: குழந்தை உட்காருமா, படுக்கவைக்க வேண்டுமா? படுக்கவைக்க வேண்டுமென்றால், உடன் வந்தவர் ஒருவராகத் தூக்கிவிட முடியுமா?

உட்காரக்கூடிய குழந்தையை முதலில் எடுத்துக்கொள்வோம். தனியறையின் பெரிய நன்மை இடம். அமெரிக்க அணுகல் விதிகள் சக்கர நாற்காலி திரும்புவதற்கு 60 அங்குலம், அதாவது ஏறத்தாழ 152 செ.மீ. விட்டமுள்ள வட்டம் வேண்டும் என்கின்றன. நாற்காலியும் பெற்றோரும் பையும் உள்ளே வந்தபின் கதவை மூட முடிகிறது என்பதே வழக்கமான கழிப்பறையில் கிடைக்காத வசதி. மகனுடன் தாயோ, மகளுடன் தந்தையோ யாருடைய முகச்சுளிப்பும் இல்லாமல் உள்ளே செல்லலாம் என்பது அடுத்தது. குழந்தை வளர வளர இது முதலாவதைவிட முக்கியமாகிவிடுகிறது. குறை எங்கே தொடங்குகிறது என்றால், இருக்கையின் உயரத்தில். அதே விதிகள் பெரியவர்களுக்கு 17 முதல் 19 அங்குல உயரத்தைக் கட்டாயமாக்குகின்றன. குழந்தைகளுக்கான பரிந்துரையிலோ மூன்று, நான்கு வயதுக்கு 11 முதல் 12 அங்குலம், ஐந்திலிருந்து எட்டு வயதுக்கு 12 முதல் 15, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயதுக்கு 15 முதல் 17 என்று இருக்கிறது. ஐந்து வயதுக் குழந்தை பெரியவர்களுக்கான இருக்கையில் அமர்ந்தால் கால்கள் அந்தரத்தில் தொங்கும். பெருமூளை வாதம் உள்ள குழந்தைக்குப் பாதம் தரையில் ஊன்றாவிட்டால் இடுப்பு நிலைகொள்வதில்லை. விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் தசைகள் இறுகும். இறுகிய உடலால் மலமோ சிறுநீரோ கழிப்பது கடினம். பக்கச் சுவரிலும் பின்சுவரிலும் உள்ள கைப்பிடிக் கம்பிகளும் சின்னக் கைக்கு எட்டாத தொலைவில் இருப்பதால், கம்பி செய்யவேண்டிய வேலையைப் பெற்றோரின் தோள்கள்தாம் செய்கின்றன. மடக்கி எடுத்துச் செல்லக்கூடிய கால்மணையும், இருக்கையின் துளையைச் சிறிதாக்கும் வளையமும் பையில் இருந்தால் இந்தக் குறையில் பெரும்பகுதி தீரும்.

ஆச்சரியமாக, தடுமாறியாவது நடக்கக்கூடிய குழந்தைக்கு வழக்கமான கழிப்பறையே சில வேளைகளில் மேலானது. அதே அமெரிக்க விதிகளின்படி, ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட தடுப்பறைகள் உள்ள இடத்தில் சக்கர நாற்காலிக்கான தடுப்பறையைத் தவிர, நடக்கச் சிரமப்படுபவர்களுக்கென்று 35 முதல் 37 அங்குல அகலத்தில், இருபுறமும் கம்பியுடன் இன்னொன்றும் இருக்கவேண்டும். அதன் குறுகலே இங்கே உதவி. இரண்டு கம்பிகளையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு நிற்கும் வாய்ப்பு ஓரளவு வளர்ந்த குழந்தைக்கு விசாலமான தனியறையில் கிடைப்பதில்லை. உதவி குறைவாகத் தேவைப்படும் குழந்தை, மற்றப் பிள்ளைகள் வரிசையில் நின்று, தடுப்பறைக்குள் போய், வெளியே வந்து கை கழுவுவதைப் பார்த்துக் கற்றுக்கொள்வதும் இங்கேதான். தனியறைக்கே பழக்கிவிட்டால் பள்ளியிலும் அதையே தேட வைக்கிறோம் என்பதைப் பெற்றோர் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கும், ஒலிக்கூச்சம் உள்ள பிற குழந்தைகளுக்கும் இந்த ஒப்பீடு தலைகீழாக மாறுகிறது. வழக்கமான கழிப்பறையில் ஓசை யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை. 2019இல் கனடாவின் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வு, பொதுக் கழிப்பறைகளின் கை உலர்த்தும் கருவிகளில் சில, குழந்தைகளின் காது இருக்கும் உயரத்தில் 100 டெசிபெல்லுக்கு மேல் ஒலிக்கின்றன என்று அளந்து காட்டியது. காது வலிக்கிறது என்று அழும் குழந்தை அடம் பிடிக்கிறது என்று சொல்பவர்கள் அந்த எண்ணை ஒருமுறை பார்க்கவேண்டும். தனியறையில் பிறர் அந்தக் கருவியை இயக்க முடியாது. நாமும் அதன் பக்கம் போகாமல் காகிதத்திலோ துணியிலோ கையைத் துடைத்துக்கொள்ளலாம். ஆயினும் இரண்டு இடங்களுக்கும் பொதுவான தொல்லை ஒன்று உண்டு: தானியங்கி ஃபிளஷ். சென்சாரின் பார்வையைச் சிறிய உடல் முழுமையாக மறைக்காததாலும், அசைந்துகொண்டே இருப்பதாலும், குழந்தை உட்கார்ந்திருக்கும்போதே தண்ணீர் சீறிப் பாய்கிறது. ஒருமுறை அப்படி நடந்துவிட்டால், வெளியிடங்களில் உட்காரவே மறுக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். ஒட்டும் குறிப்புத்தாள் ஒன்றைச் சென்சாரின் மேல் ஒட்டிவிட்டு, எழுந்து வெளியே வரும்போது எடுத்துவிடுவது மலிவான, பலன் தருகிற வழி. ஓடுகள் பதித்த சிறிய அறையில் எதிரொலி கூடுதலாக இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டாலும், ஒலி உணர்வு மிகுந்த குழந்தைக்குத் தனியறையையே நான் முதலில் சொல்வேன்.

முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்து, கத்தீட்டர் வழியாகச் சிறுநீரை வெளியேற்றும் குழந்தைக்கு இந்தத் தயக்கமே தேவையில்லை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை குழாயைச் செலுத்திச் சிறுநீரை வடித்துவிடும் இந்த எளிய முறையை 1972இல் ஜாக் லாப்பிடெஸ் என்ற சிறுநீரகவியல் மருத்துவர் முன்வைத்தார். அறுவை அரங்கின் முழுத் தூய்மை இல்லாமல், நன்றாகக் கழுவிய கைகளோடு செய்தாலே போதும் என்பதுதான் அவர் தந்த விடுதலை. கைகளைக் கழுவிவிட்டு வேறு எதையும் தொடாமல் உடனே செய்யவேண்டும் என்றால், கை கழுவும் தொட்டி உள்ளேயே இருக்கவேண்டும். தடுப்பறைக்கு வெளியே கழுவி, தாழ்ப்பாளைத் தொட்டு உள்ளே வந்தால் கழுவியதன் பயன் அங்கேயே போய்விடுகிறது. உள்ளே தொட்டியுள்ள தனியறைதான் இங்கே விடை. பொருள்களைப் பரப்பிவைக்க ஒரு சிறு தட்டும் இருந்துவிட்டால் குறையொன்றுமில்லை. இக்குழந்தைகளில் பலருக்கு லேடெக்ஸ் ஒவ்வாமை உண்டாகும் என்பதால், அவசரத்துக்குப் பிறரிடம் கையுறை வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் எண்ணவேண்டாம்.

குடும்பக் கழிப்பறை, குழந்தை உடை மாற்றும் அறை ஆகியவற்றைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. சுவரிலிருந்து இறக்கும் மேசைகளில் பரவலாகப் பொருத்தப்படுபவை 50 பவுண்டு, அதாவது 23 கிலோ அளவுக்கே பரிந்துரைக்கப்படுகின்றன, நீளமோ கைக்குழந்தைக்கானது. டயப்பர் அணியும் மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு அவை ஒருவாறு பொருந்தலாம். அதன்பிறகு கால்கள் விளிம்புக்கு வெளியே நீள, தன்னிச்சையற்ற அசைவுகள் உள்ள உடலுக்கு அந்தப் பலகை பாதுகாப்பற்றதாகிவிடுகிறது. சில அறைகளில் மேசை மட்டுமே இருக்கும், கழிப்பிடம் இருக்காது. வேறு சிலவோ பெண்கள் பகுதிக்குள்ளே இருப்பதால் தந்தையர் வெளியே நிற்கவேண்டியதுதான். சிறிய இருக்கையும் பெரிய இருக்கையும் அருகருகே அமைந்த உண்மையான குடும்பக் கழிப்பறை, கூடவே இன்னொரு சிறு குழந்தையையும் அழைத்து வருபவருக்கு மிகவும் ஏற்றது.

படுக்கவைத்தே உடை மாற்றவேண்டிய, தூக்க முடியாத எடைக்கு வளர்ந்துவிட்ட பிள்ளைக்கு மேற்சொன்ன மூன்றும் ஒரே விதமாகக் கைவிரிக்கின்றன. சக்கர நாற்காலிப் படம் இருந்தும் உள்ளே படுக்க இடமில்லாத அறையில், ஈரத் தரையில் விரிப்பைப் போட்டுப் பிள்ளையைக் கிடத்த நேர்வதன் இழிவை எதிர்த்துத்தான் பிரிட்டனில் 2006இல் ‘சேஞ்சிங் பிளேஸஸ்’ இயக்கம் தொடங்கியது. அது கேட்கும் அறையின் பரப்பு ஏறத்தாழ 12 சதுர மீட்டர். அங்குள்ள வழக்கமான மாற்றுத்திறனாளி அறையோ 1.5 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் நீளமும் கொண்டது. உயரத்தைக் கூட்டிக் குறைக்கத்தக்க, பெரியவர் படுக்கும் நீளமுள்ள பலகை, மேற்கூரையில் ஓடும் தூக்கும் கருவி, இருபுறமும் உதவியாளர் நிற்க இடம் விட்டு அமைத்த இருக்கை, உதவியாளர் திரும்பி நிற்க ஒரு திரை ஆகிய நான்கும் அதன் அடிப்படை. இங்கிலாந்தில் 2021 முதல், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட புதிய பொதுக் கட்டடங்களில் இது கட்டாயம். ஆஸ்திரேலியாவின் கட்டட விதிகளும் 2019இல் இத்தகைய அறையைச் சேர்த்துக்கொண்டன. தேவைப்படுவோருக்கு இதற்கு இணை எதுவுமில்லை. ஆனால் எண்ணிக்கை குறைவு. பூட்டியிருக்கும் அறைக்குச் சாவி தேவைப்படலாம். உடலைத் தாங்கும் துணித்தொட்டிலை நாமே கொண்டுபோக வேண்டும். அந்தத் தொட்டிலின் இணைப்பு கிளிப் வகையா, வளைய வகையா என்று தெரியாமல் போனால், கருவி தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தும் பயன்படாது.

இத்தகைய அறை இல்லாத ஊரில் என்ன செய்வது? வண்டியின் பின்பகுதியில் மெத்தை விரித்து, கண்ணாடிகளை மறைத்துக்கொள்வதும், பெரிய கட்டடங்களில் முதலுதவி அறையில் உள்ள படுக்கையைக் கேட்டுப் பெறுவதும் கழிப்பறைத் தரையைவிட எவ்வளவோ மேல். தரையில் கிடத்தினால் தூய்மை மட்டும் கெடுவதில்லை. குனிந்து அங்கிருந்து தூக்கும் ஒவ்வொரு முறையும் உதவுபவரின் முதுகு விலை கொடுக்கிறது. வெளியே போகும் நாளில் தண்ணீரைக் குறைத்துக் கொடுப்பது பல வீடுகளில் நடக்கிறது என்றாலும், அதை நான் ஒரு வழியாகவே கணக்கில் எடுக்கமாட்டேன். மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் இக்குழந்தைகளுக்கு ஏற்கெனவே எளிதில் வருபவை.

நடக்கக்கூடிய, பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாத குழந்தையுடன் தனியறையைப் பயன்படுத்தலாமா என்ற கேள்வியும் இருக்கிறது. தேவை இருந்தால் தயங்காமல் பயன்படுத்தலாம். சக்கர நாற்காலியில் ஒருவர் காத்திருந்தால், நம் குழந்தையால் காத்திருக்க இயலுமெனில், அவரை முதலில் விடுவது முறை. மறைவான குறைபாட்டைச் சொல்லாமல் சொல்வதற்காக 2016இல் இலண்டன் கேட்விக் விமான நிலையத்தில் அறிமுகமான சூரியகாந்திப் படமுள்ள கழுத்துப்பட்டையை இன்று பல நாடுகளில் அடையாளம் காண்கிறார்கள். அதை அணிய விரும்பாத குழந்தைக்கு அணிவிக்க வேண்டியதில்லை.

செல்லுமிடத்துக்கு முன்கூட்டியே தொலைபேசியில் கேட்பதானால், மாற்றுத்திறனாளிக் கழிப்பறை இருக்கிறதா என்று கேட்பதில் பயன் குறைவு. ஆம் என்ற ஒரே சொல்லில் உரையாடல் முடிந்துவிடும். இருக்கையின் எந்தப் பக்கம் இடம் காலியாக இருக்கிறது, எந்தப் பக்கம் சுவரும் கம்பியும் இருக்கின்றன, ஃபிளஷ் தானியங்கியா கைப்பிடியா, ஒன்றரை மீட்டர் உயரமுள்ள ஒருவர் படுக்க ஏதேனும் பலகை உண்டா, கதவு வெளிப்புறமாகத் திறக்குமா என்று கேட்கவேண்டும். அவசர உதவிக்கான சிவப்புக் கயிற்றைத் துப்புரவின்போது மேலே சுருட்டிக் கட்டிவிடும் வழக்கம் பல இடங்களில் உள்ளதால், அது தரைவரை தொங்குகிறதா என்பதை உள்ளே நுழைந்ததும் நாமே பார்த்து, இல்லையென்றால் அவிழ்த்துவிடலாம். ஒரு பக்கம் மட்டும் செயலிழந்த குழந்தைக்கு முதல் கேள்வியின் விடையே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: வலுவான கை இருக்கும் பக்கத்தில் கம்பி இருந்தால்தான் அந்த அறையால் பயன்; எதிர்ப்பக்கத்தில் இருந்தால், இருபுறமும் கம்பியுள்ள குறுகிய தடுப்பறையைத் தேடிப் போவதே நல்லது.