பதினொன்றரை அடிக் கூடத்தில் ஒரு பேண்ட்

சின்ன ஊர்களாகப் பார்த்து வீடு வீடாக வாசித்துக்கொண்டு போகிற நான்கு பேர் பேண்ட் ஒன்றுக்குப் போன சனிக்கிழமை எங்கள் கூடத்தைக் கொடுத்தோம். மறுபடி கேட்டால் மறுபடியும் கொடுப்பேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப்போவதில் பாதி புகார்தான்.

ஏழரைக்குக் கச்சேரி, இவர்கள் வேன் வந்து நின்றது எட்டு மணிக்கு. இருபத்தைந்து பேர் ஏற்கெனவே தரையில் உட்கார்ந்தாகிவிட்டது, அவர்கள் தலைக்கு மேலேதான் ஆம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற பெட்டி), டிரம்ஸ் எல்லாம் உள்ளே போயின. சவுண்ட் செக்குக்கு நேரம் ஏது? அதன் பலனை முதல் பாதி முழுக்க அனுபவித்தோம். மேடையில் அடிக்கிற அதே அடியை டிரம்மர் கூடத்துக்குள் அடித்தார். நாம் பேசுகிற பேச்சு 60 டெசிபல் இருக்கும், ஸ்டிக்கால் ஓங்கி அடிக்கிற டிரம்ஸ் பக்கத்தில் உட்கார்ந்தால் 100-ஐத் தாண்டிவிடும். பாடுகிற பெண்ணின் குரல் எடுபடவில்லை என்று மைக்கைக் கூட்டினால், ஸ்பீக்கர் சத்தம் திரும்ப மைக்குக்குள்ளேயே போய்க் 'கூய்ங்' என்று கத்துகிறது. நான்கு பாட்டில் எனக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை.

இதில் அலமாரி வேறு. பேஸ் கிட்டாரில் ஒரு குறிப்பிட்ட சுரம் வரும்போதெல்லாம் அதன் கண்ணாடிக் கதவு கடகடவென்று ஆடியது. இடைவேளையில் பேஸ்காரரிடம் சொன்னேன். அவர் கூடத்தின் அகலத்தைக் காலடியால் அளந்து பார்த்துவிட்டு, "பதினொன்றரை அடியா? அப்போ ஜி-தான்" என்றார். அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது: மேற்கத்திய இசையில் ஜி என்பது ஒரு சுரம், பேஸ் கிட்டாரில் கீழ் ஜி 49 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 49 அதிர்வு), அதன் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர், எங்கள் கூடத்தின் அகலம் அதில் பாதி. அந்த ஒரு சுரம் மட்டும் இரண்டு சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டு பெருகிவிடும். மூலையில் இருந்த ஆம்பை இரு சுவர்களுக்கும் நடுவாக நகர்த்தி நாற்காலி மேல் ஏற்றி வைத்தார், அலமாரிக் கதவில் ஒரு தாளை மடித்துச் செருகினார். டிரம்மரும் ஸ்டிக்கைப் போட்டுவிட்டு மெதுவாகச் சத்தம் தருகிற பிரஷ்ஷை எடுத்தார், ஸ்னேர் என்கிற டிரம் மேல் ஒரு துண்டு. இதையெல்லாம் எட்டு மணிக்கே செய்திருக்கலாமே ஐயா!

இரண்டாம் பாதி வேறு பேண்ட் மாதிரி இருந்தது. பாடகி மைக்கையே ஆஃப் செய்துவிட்டார். ஒரு மெதுவான பாட்டில், வரி தொடங்குவதற்கு முன் அவர் மூச்சு இழுப்பது, கிட்டார் கம்பியில் விரல் சறுக்குகிற கீச்சு, எல்லாம் நான்கடி தூரத்தில் கேட்டது. பெரிய அரங்கில் பத்தாவது வரிசையில் உட்கார்ந்தால்கூட இது கிடைக்காது. 1820-களில் வியன்னாவில் இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் பாட்டுகளை நண்பர்கள் வீட்டு வரவேற்பறையில் வைத்துத்தான் கேட்டார்கள், ஏன் என்று அன்றைக்குப் புரிந்தது.

டிக்கெட் கிடையாது, கடைசியில் ஒரு டப்பா சுற்றி வரும், விழுகிறது அவ்வளவும் அவர்களுக்கு. ஒரே ஒரு தடவைதான் கேட்டார்கள், கெஞ்சவில்லை, அது பிடித்தது. டி-ஷர்ட் விற்றார்கள், எல்லாமே எக்ஸ்எல். யாரை மனதில் வைத்து அச்சடித்தார்களோ.

உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுவதாக இருந்தால் கச்சேரி நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே வரச் சொல்லுங்கள்.

அலமாரியில் செருகிய தாளை இன்று காலைதான் உருவினேன். அன்றைய பாட்டுப் பட்டியல். அதில் ஏழாவது பாட்டை வாசிக்காமலே போய்விட்டார்கள்.