‘ஹாகுஜித்ஸு’வா, ‘ப்ரிடெண்டர்’ஆ? நன்றாகப் பாடுகிறவர்களையே கவிழ்க்கும் ஐந்து ஜப்பானியப் பாடல்கள்

டோக்கியோவில் நிஷி-கசாய் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கரோக்கே அறை, சனிக்கிழமை இரவு, ஆறு பேர். முதல் ஆளாக மைக்கைப் பிடித்து கிங் க்னூ என்கிற ராக் குழுவின் ‘ஹாகுஜித்ஸு’வைத் தட்டினேன். கல்லூரி மெல்லிசைக் குழுவில் நாலு வருஷம் பாடியவன் என்கிற திமிர். முதல் சொல்லிலேயே குரல் பிசிறி, காற்று மட்டும் வந்தது. திரையில் சுருதிக்கோடு ஒரு பக்கம் போக, என் கோடு அதற்குக் கீழே புழுபோல நெளிந்தது. யாரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

அதற்குப் பிறகுதான் எந்தப் பாட்டு எங்கே கழுத்தைப் பிடிக்கிறது என்று கவனிக்க ஆரம்பித்தேன். ஜப்பானிய ரசிகர்கள் கஷ்டத்தை அளக்க உச்ச சுரத்தைப் பார்ப்பார்கள். 440 ஹெர்ட்ஸ் ‘ஹை-ஏ’, அதற்கு மேல் ‘ஹை-பி’, ‘ஹை-ஸி’. ஒவ்வொரு பாட்டுக்கும் இந்தக் கணக்கைப் பட்டியல் போட்டு வைத்திருப்பார்கள். ஆண்கள் திறந்த குரலில் (நெஞ்சிலிருந்து வரும் இயல்பான குரல்) ‘ஹை-ஸி’யைத் தொட்டால் பெரிய விஷயம். ஆனால் அந்தப் பட்டியலை நம்பிப் பாட்டைத் தேர்ந்தெடுத்தவர்களில் நானும் ஒருவன், எனக்கு நடந்ததை மேலே சொல்லிவிட்டேன். உச்சத்தை ஒரு நொடி தொடுவது வேறு. அங்கே எப்படி ஏறுகிறோம், எதைத் தாண்டி ஏறுகிறோம், ஏறும் முன் மூச்சு விட இடம் இருக்கிறதா என்பதெல்லாம் வேறு.

பயமுறுத்தும் பெயரில் முதலிடம் எக்ஸ் ஜப்பான் என்கிற ராக் குழுவின் ‘குரெனாய்’க்கு. 1989-ல் வந்தது, யோஷிகி எழுதியது, தோஷி பாடியது. மெதுவான ஆங்கில முகப்பு, பிறகு டிரம்ஸ் வெடித்து ஆறு நிமிடத்துக்கு மேல் ஓட்டம். உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் போட்டிகளில் பித்தளை வாத்தியக் குழுக்கள் இதை வாசித்துத்தான் தங்கள் அணிக்கு உற்சாகம் ஏற்றும், அந்த அளவுக்கு ஊரறிந்த பாட்டு. 2024-ல் வந்த ஒரு ஜப்பானியப் படத்தின் கதையே இதைச் சுற்றித்தான்: தலைவர் நடத்தும் கரோக்கே போட்டியில் கடைசியாக வரக்கூடாது என்று ஒரு யாகுசா (ஜப்பானிய தாதா கும்பல்) ஆள், பள்ளிக் கோரஸில் பாடும் பையனிடம் இதைக் கற்றுக்கொள்ள வருவார். தோற்றால் தலைவர் கையாலேயே பச்சை குத்திவிடுவார்!

என்னைக் கேட்டால், குரெனாய் வெளிப்படையான எதிரி. எங்கே உயரம் வரும் என்று முன்பே தெரியும், சாபி (நம் பல்லவி மாதிரி, பாட்டின் கொக்கி) வருகிறபோது அடிவயிற்றிலிருந்து தள்ளினால் பாதி ஆள் தப்பிவிடலாம். இசையே அவ்வளவு சத்தம், கொஞ்சம் பிசிறினாலும் உணர்ச்சி என்று எடுத்துக்கொள்வார்கள். இரண்டாவது சாபிக்குள் தொண்டை கட்டிக்கொள்வதுதான் நிஜமான அபாயம். கள்ளக்குரலில் (ஃபால்செட்டோ, உயரம் எட்டாதபோது எடுக்கும் மெல்லிய குரல்) மட்டும் பாடாதீர்கள், ஊசிப்போன சாம்பார் மாதிரி இருக்கும்.

‘ஹாகுஜித்ஸு’ நேர் எதிர். 2019 பிப்ரவரியில் ஒரு தொலைக்காட்சித் தொடரின் பாட்டாக வந்தது. பெரிய முன்னிசை கிடையாது. பியானோவின் மேல் குழுவின் பாடகர் இகுச்சி சடோருவின் கள்ளக்குரல் மட்டும், மெதுவாக, ஒட்டுத்துணி இல்லாமல். அவர் டோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தில் வாய்ப்பாட்டு படித்தவர். அந்தப் பயிற்சி கேட்கும்: காற்று கலந்த குரல், ஆனால் சுருதி அசையாது. நமக்கு அந்த இடத்தில் குரல் இன்னும் சூடாகியிருக்காது. சூடாகாத குரலுக்குக் கள்ளக்குரல்தான் முதலில் கைவிடும் இடம். அதனால்தான் இந்தப் பாட்டை முதல் பாட்டாக எடுக்கவே கூடாது. மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வைத்தால் பாதி யுத்தம் முடிந்தது.

மீதிப் பாதியில்தான் நிஜ விஷமம். பேண்ட் உள்ளே வந்ததும் தாளம் நறுக்கு நறுக்கென்று மாறும், குழுவின் இன்னொரு பாடகர் ட்சுனேதா டைகியின் கரகரத்த கீழ்க்குரல் வரும். இது இரண்டு பேர் பாட்டு! கரோக்கேயில் ஒருவரே இரண்டையும் சுமக்க வேண்டும். இகுச்சி பகுதி எட்டவில்லை என்று சுருதியைக் குறைத்தால் ட்சுனேதா பகுதி தரைக்குள் புதைந்துவிடும். ஏற்றினால் உச்சி கையைவிட்டுப் போகும். பெண்களுக்குக் கணக்கு தலைகீழ்: கள்ளக்குரல் பகுதியை இயல்பான மெல்லிய குரலிலேயே பாடிவிடலாம், கீழ்ப்பகுதியில்தான் முணுமுணுப்பாகிவிடும். மொத்தத்தில் இதை அசல் சுருதியில் முழுசாக, நேர்மையாகப் பாடினவர்களை நான் நேரில் பார்த்தது இரண்டே பேர். இரண்டு பேருமே ஜோடியாகப் பாடினார்கள். அது கணக்கில் சேருமா என்று நீங்களே சொல்லுங்கள்.

‘ப்ரிடெண்டர்’ பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அதை எல்லோரும் சுலபம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அஃபிஷியல் ஹிகே டாண்டிஸம் 2019 மே மாதம் வெளியிட்டது. பாடகர் ஃபுஜிஹாரா சதோஷி முன்பு ஷிமானே வங்கியில் வேலை பார்த்தவர். காதல் தோல்விப் பாட்டு, நிதானமான வேகம், முணுமுணுக்க ஏற்ற மெட்டு. மெட்டு நாக்கில் ஒட்டிக்கொள்வதால் ஏமாந்து போகிறோம். சாபி ‘குட்பை’ என்கிற சொல்லோடு திறக்கிறது. அந்தத் திறப்பிலேயே குரலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், பிறகு கீழே இறங்க விடாமல் வரிக்கு வரி அங்கேயே நிறுத்தி வைக்கிறார். நடுவில் ஒரு அசைக்கு மட்டும் கள்ளக்குரல், அடுத்த அசைக்கு மறுபடி திறந்த குரல். இந்தத் தாவல்தான் ஹிகே டாண்டிஸத்தின் கையெழுத்து. திறந்த குரலை இழுத்துப் பிடித்துக் கத்துகிறவர்களுக்கு முதல் சாபி வரும், இரண்டாவது வராது. இடையில் ‘மிக்ஸ்’ என்று அவர்கள் சொல்லும் கலப்புக் குரல் வேண்டும்: நெஞ்சு பாதி, தலை பாதி.

ஆனால் ஒரு சலுகை. இதைச் சுருதி இரண்டு படி குறைத்தால் பாட்டின் அழகு கெடாது. குரெனாயை மூன்று குறைத்துப் பாருங்கள், கிட்டார் தூங்கி வழியும். ஹாகுஜித்ஸுவின் கதையைச் சொல்லிவிட்டேன்.

பாடகி அடோவின் ‘உஸ்ஸேவா’ வேறு வகை. 2020 அக்டோபரில் வெளியானபோது அவருக்கு வயது 17, மறுநாள்தான் 18 ஆனது. பாட்டை எழுதியவர் ஷுடோ. ‘சும்மா இரு’ என்பதைத் தெருமொழியில் கத்தும் பாட்டு. இதில் உயரத்தைவிடக் குரலின் நிறத்தை மாற்றுவதுதான் வேலை: அலட்சியமான பேச்சு, கரகரப்பு, திடீரென்று மேலே ஒரு துள்ளல். கரகரப்பை ‘கனாரி’ என்பார்கள். பழகாதவர்கள் அதைத் தொண்டையில் தேய்த்து எடுத்துவிட்டு மறுநாள் பேசவே முடியாமல் திரிவார்கள். நடிப்பு வருமென்றால் எடுங்கள், வராதென்றால் விடுங்கள்.

தமிழ் வாய்க்கு இங்கே ஒரு வசதியும் ஒரு குழியும் உண்டு. குறில், நெடில், ஒற்று இரட்டிப்பது எல்லாம் நமக்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம், அதனால் ‘உஸ்ஸே’வின் அழுத்தம் இயல்பாக வரும். குழி என்னவென்றால், நம் இலக்கணத்தில் மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை, ஜப்பானிய மொழியில் அது ஒரு முழு மாத்திரை. உ-ஸ்-ஸே-ஏ-வா: ஐந்து தட்டு. ‘ஷின்புன்’ என்கிற செய்தித்தாள் நமக்கு இரண்டு அசை, அவர்களுக்கு நாலு. பாட்டில் அந்த ‘ன்’னுக்குத் தனியாக ஒரு சுரமே கிடைக்கலாம். இதைத் தவறவிட்டால் வரி முழுக்கச் சறுக்கும், திரையில் எழுத்து நிறம் மாறிக்கொண்டே போக நீங்கள் அதைத் துரத்திக்கொண்டே ஓடுவீர்கள்.

இந்தச் சறுக்கல் மரண தண்டனையாக மாறும் இடம் மிஸஸ் கிரீன் ஆப்பிள் குழுவின் ‘லைலாக்’. 2024-ல் ஒரு பேஸ்பால் அனிமேவின் தொடக்கப் பாட்டாக வந்து, அந்த ஆண்டின் ஜப்பான் ரெக்கார்ட் விருதை வாங்கியது. ஓமோரி மொதோகி எழுதிய மெட்டு, வரிக்கு வரி சொற்கள் நெருக்கியடித்து வரும். அந்த வேகத்திலேயே ஏற்றம், இறக்கம், கள்ளக்குரல் தாவல். கேட்கும்போது வெயில் அடிக்கிற மாதிரி சந்தோஷமாக இருக்கும், பாடும்போது மாடிப்படி ஏறிக்கொண்டே கணக்குச் சொல்கிற மாதிரி இருக்கும். எங்கே மூச்சு விடுவது என்று பென்சிலால் வரியில் குறித்து வைத்துக்கொண்டுதான் நான் பழகினேன். இன்னும் பழகுகிறேன்.

கஷ்டத்தின் வரிசையை என் தொண்டை சொல்கிறபடி வைத்தால், மேலே லைலாக், அதற்கு ஒரு மயிரிழை கீழே ஹாகுஜித்ஸு, பிறகு ப்ரிடெண்டர், குரெனாய். உஸ்ஸேவா இந்த வரிசையிலேயே சேராது. இயந்திரம் போடும் மதிப்பெண் இதற்குச் சாட்சியாகாது. அது சுருதியைப் பார்க்கிறதே தவிர, திறந்த குரலா கள்ளக்குரலா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. ஒரு ஸ்தாயி கீழே பாடினாலும் சரி என்று தலையாட்டும்.

போன வாரம் அதே அறை. நாலாவது பாட்டாக ஹாகுஜித்ஸு போட்டேன். கீழ்ப்பகுதியை எங்கள் டீமின் ஜப்பானிய அண்ணன் ஒருவர் கேட்காமலேயே இரண்டாவது மைக்கில் எடுத்துக்கொண்டார். முதல் சொல் பிசிறவில்லை.