மாசாய் மாராவில் கைடு தேர்வு: சில வருட அனுபவம்

காட்டு மிருகங்களைப் பார்க்கக் கென்யாவின் மாசாய் மாரா ரிசர்வுக்குப் போகத் திட்டமிடுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த கேம்ப் நல்லது, எந்த மாதம் போகலாம் என்பதுதான். கைடு யார் என்று கேட்கிறவர்கள் அபூர்வம். கூடாரம் எவ்வளவு சொகுசாக இருந்தாலும் அதில் நாம் தூங்கத்தான் போகிறோம். விடிகாலை ஆறு மணியிலிருந்து நம்மோடு வண்டியில் இருப்பவர் கைடு. கென்யாவுக்குச் சில வருடங்களாகப் போய் வருகிறேன். மலிவான வேனிலும் போயிருக்கிறேன், விலை கூடிய கேம்ப்பிலும் தங்கியிருக்கிறேன். காசு கையைக் கடித்தால் கூடாரத்தில் மிச்சம் பிடியுங்கள், கைடு விஷயத்தில் வேண்டாம் என்பதுதான் என் கட்சி. ரிசர்வுக்குள் நுழைய வெளிநாட்டவருக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை ஒரு நாளைக்கு ஆளுக்கு 200 டாலர். மோசமான கைடோடு ஒரு நாள் வீணானால் அந்தப் பணமும் சேர்ந்து போகிறது.

மாராவில் இரண்டு வகை கைடுகள் கிடைப்பார்கள். ஒருவர் நைரோபியில் நம்மை ஏற்றிக்கொண்டு நாரோக் வழியாக ஓட்டி வருகிற டிரைவர் கைடு. அம்போசெலி, நகுரு, மாரா என்று சுற்றினால் கடைசி வரை அவரே வருவார். நம் பழக்கவழக்கம் இரண்டாம் நாளே அவருக்குப் பிடிபட்டுவிடும். இன்னொருவர் கேம்ப்பிலேயே இருக்கிற உள்ளூர்க் கைடு. பெரும்பாலும் மாசாய் இனத்தவர், சின்ன வயதில் அதே புல்வெளியில் மாடு மேய்த்தவர். எந்தச் சிங்கக் கூட்டம் எந்த ஓடைப் பக்கம் இருக்கும், எந்தச் சிறுத்தை எந்த அத்திமரத்தில் இரையை ஏற்றி வைக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. பல பூங்காக்கள் பார்க்க வேண்டுமென்றால் முதல் வகை போதும். மாராவில் மட்டும் நான்கைந்து நாள் தங்குவதாக இருந்தால் இரண்டாவது வகைதான் என் தேர்வு.

நல்லவரை எப்படி அடையாளம் காண்பது? சிங்கம் கிடைக்காத நேரத்தில் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். நைரோபியில் ஒரு நிறுவனத்தின் மூலம் போன பயணத்தில் எங்கள் டிரைவர், டிரைவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற ரேடியோவைக் காதில் ஒட்டவைத்துக்கொண்டே இருந்தார். அதில் ‘சிம்பா’ (சுவாஹிலியில் சிங்கம்) என்ற சொல் கேட்டதும் வண்டி பறக்கும். போய்ச் சேர்ந்தால் சுற்றிலும் வண்டிகள், நடுவே தூங்குகிற சிங்கம். இரண்டு படம், அடுத்த ஓட்டம். ஒரு கேள்வி கேட்டால் ஒரு வரியில் பதில். சாயங்காலம் ‘பிக் ஃபைவ்’ எனப்படும் ஐந்து பெரிய மிருகங்களில் (சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை) நான்கைக் காட்டிவிட்டதாகக் கணக்கு மட்டும் சொன்னார்.

பிறகு வாய்த்த உள்ளூர்க் கைடு நேர் எதிர். ஒரு காலையில் மூன்று ஒட்டகச்சிவிங்கிகள் இலை தின்பதை நிறுத்திவிட்டு ஒரே பக்கம் பார்த்து நின்றன. அவர் இன்ஜினை அணைத்தார். பைனாகுலரைக்கூட எடுக்கவில்லை. “அவங்க பார்த்துட்டாங்க, நாம காத்திருப்போம்” என்றார். வெகு நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு புல்லுக்குள்ளிருந்து ஒரு பெண் சிங்கம் எழுந்து, ஒளிந்திருந்தது வெளிப்பட்டுவிட்ட எரிச்சலோ என்னவோ, மெதுவாக நடந்து போனது. அங்கே எங்களைத் தவிர வேறு வண்டியே இல்லை.

வெயில் ஏறி மிருகங்கள் நிழலில் படுத்துவிட்ட பிறகும் அவருக்குச் சொல்ல விஷயம் இருந்தது. ஒரு முள்மரத்தில் கறுப்பு உருண்டைகள் தொங்கின. உள்ளே எறும்புகள் குடியிருக்கின்றன, கிளையைக் கடிக்கிற மிருகத்தின் மூக்கில் பாய்ந்து மரத்தைக் காக்கின்றன, எறும்பு போட்ட ஓட்டையில் காற்று புகுந்தால் விசில் சத்தம் வரும் என்றார். ஊதா நெஞ்சுப் பனங்காடையைக் காட்டினார். நம்மூர் மின்கம்பியில் உட்காருகிற பனங்காடைக்கு அது பங்காளி. ஆள்காட்டி கத்தினால் திரும்பிப் பார்க்கும் பழக்கம் எனக்கு ஊரிலேயே உண்டு. மாராவிலும் ஆள்காட்டிகள் அதே வேலையைத்தான் செய்கின்றன.

எதற்கு அவர் மறுப்புச் சொல்கிறார் என்பதையும் கவனியுங்கள். ரிசர்வ் விதிப்படி ஒரு மிருகத்தைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக்கூடாது, 25 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், பாதையை விட்டு இறங்கக்கூடாது. பகிர்ந்துகொண்ட வண்டி ஒன்றில் உடன் வந்த ஒருவர், குட்டிகளோடு இருந்த சிவிங்கிப்புலி (சீட்டா) அருகே போகச் சொல்லிப் பணத்தை நீட்டினார். கைடு சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். பணம் நீட்டியவர் முன்சீட்டில் கொஞ்ச நேரம் முகம் தூக்கிவைத்துக்கொண்டு இருந்ததெல்லாம் தனிக்கதை. ஆனால் அந்த மறுப்புக்குக் கனமான காரணம் உண்டு. மாராவில் நடந்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, சுற்றுலா வண்டிகள் அதிகம் வரும் பகுதியில் ஒரு தாய் ஓர் ஈற்றில் வளர்த்து ஆளாக்கும் குட்டிகள் சராசரியாக 0.2. வண்டி குறைவான பகுதியில் அது 2.3. சிவிங்கிப்புலி பகலில் வேட்டையாடும் விலங்கு. வண்டிகள் சூழ்ந்தால் வேட்டை கெடும்.

கூட்டம் பிடிக்காதவர்கள் ரிசர்வை ஒட்டியுள்ள நபோய்ஷோ, ஓலாரே மோடோரோகி, மாரா நார்த் போன்ற கன்சர்வன்சி எனும் தனிக் காப்பகங்களில் தங்கலாம். மாசாய் குடும்பங்களின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். வண்டி எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு உண்டு. இரவு சஃபாரி, நடைப் பயணம் இரண்டும் அங்கே முடியும், ரிசர்வில் முடியாது. விலைதான் கொஞ்சம் இடிக்கும்.

சான்றிதழ் பற்றி: கென்யாவில் தொழில்முறை சஃபாரி கைடுகள் சங்கம் தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று நிலை தருகிறது. தங்கம் வாங்கியவர்கள் மிகச் சிலர்தான். வெள்ளி இருந்தாலே தைரியமாகப் போகலாம். வெண்கலம் என்றால் அடிப்படை தெரியும், மீதி ஆளைப் பொறுத்தது. என்னை அசத்திய உள்ளூர்க் கைடு வெண்கலம்தான்!

பணம் கட்டுமுன் நான் மெயிலில் கேட்பவை இவை: எங்களுக்கு வரப்போகிற கைடு யார், எந்த நிலை, மாராவில் எத்தனை வருடம்? வண்டி எங்களுக்கு மட்டுமா, ஆளுக்கொரு ஜன்னல் உண்டா? ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர்தான் என்று கணக்கு இருக்கிறதா? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுவார்கள். டீசல் கணக்குப் பார்க்கிற நிறுவனத்தில் எவ்வளவு நல்ல கைடுக்கும் கை கட்டிப்போட்ட மாதிரிதான். “எங்கள் கைடுகள் எல்லோருமே சிறந்தவர்கள்” என்று பதில் வந்தால் அடுத்த நிறுவனத்துக்குப் போய்விடுவேன். முடிந்தால் கைடோடு வாட்ஸாப்பில் ஐந்து நிமிடம் பேசிவிடுங்கள். அவர் நம்மிடம் கேள்வி கேட்டால் நல்ல அறிகுறி. பறவை பிடிக்குமா, படம் எடுப்பீர்களா, முதுகுவலி உள்ளவர்கள் உண்டா என்று என்னிடம் கேட்டவர்கள் யாரும் ஏமாற்றியதில்லை.

என் அம்மாவை அழைத்துப் போனபோது இன்னொன்றும் தெரிந்தது. காட்டில் கழிப்பறை கிடையாது என்று பயந்து பெண்கள் பலர் தண்ணீரே குடிப்பதில்லை. அந்தப் பயணத்தில் வந்த கைடு காலையிலேயே அம்மாவிடம் வெட்கப்படாமல் சொல்லச் சொல்லிவிட்டார். திறந்தவெளியாகப் பார்த்து நிறுத்தி, புதரெல்லாம் சரிபார்த்துவிட்டு, தானும் பார்வையைத் திருப்பிக்கொண்டு நிற்பார். காலை டிபன் டப்பாவில் முட்டை இல்லாமல் வருகிறதா என்று சமையலறையில் பார்ப்பதும் அவரே. அம்மா சிங்கத்தைவிட அவரைப் பற்றித்தான் அதிகம் பேசினார்.

டிப்ஸ் வழக்கமாக ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 20 டாலர். கடைசி நாள், கைடு கையிலேயே தனியாகக் கொடுங்கள்; பொதுப் பெட்டியில் போட்டால் எல்லோருக்கும் பிரிந்துவிடும். பிடித்த கைடு கிடைத்தால் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேம்ப் கைடுகள் தொடர்ந்து பல வாரம் வேலை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். நான் இப்போதெல்லாம் எனக்குப் பிடித்த கைடின் விடுமுறைத் தேதிகளைக் கேட்டுவிட்டுத்தான் விமான டிக்கெட் போடுகிறேன்.