நெஞ்சுக்கூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் ஜெல்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

விலா எலும்பு மார்பெலும்போடு சேரும் குருத்தெலும்பில் வரும் வலிக்கு, வலியையும் அழற்சியையும் தணிக்கும் 1% டைக்ளோஃபெனாக் ஜெல்லை முதலில் முயன்று பார்க்கலாம். பெரும்பாலும் 2 முதல் 5 வரையிலான விலாக்களில், விரலால் அழுத்தினால் அதே வலி எழும். ஆனால் அழுத்தினால் வலிக்கிறது என்பதாலேயே இதயத்தில் கோளாறு இல்லை என்று ஆகிவிடாது. மூச்சுத்திணறல், வியர்வை, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி இருந்தால் ஜெல்லைத் தொடாமல் உடனே மருத்துவமனைக்குப் போய் ஈசிஜி எடுக்க வேண்டும்.

ஒரு வேளைக்கு 2 கிராம், நாளுக்கு 3 அல்லது 4 வேளை. பட்டாணி அளவு தடவிவிட்டு 'கேட்கவில்லை' என்பவர்களே அதிகம். அது 2 கிராமுக்குப் பக்கத்தில்கூட வராது. டியூபோடு அளவு அட்டை வந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள். புண்ணான தோலில் பூசக் கூடாது. பூசிய இடத்தில் வெந்நீர்ப் பையும் வேண்டாம். சூட்டில் மருந்து கூடுதலாக உள்ளே போகும். ஆஸ்பிரின் ஒவ்வாதவர்களுக்கும் கர்ப்பத்தின் பிற்பாதியில் இருப்பவர்களுக்கும் இது ஏற்றதல்ல.

மாத்திரையோடு ஒப்பிட்டால் ரத்தத்தில் சேருவது சுமார் 6% மட்டுமே. வயிற்றுக்கு அது நல்லது. அழற்சி தணிந்தால் மனச்சோர்வும் நீங்கும் என்று நம்பி வாங்குபவர்களுக்கோ ஏமாற்றம்தான். அழற்சிக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு உண்டு, ஆனால் எல்லோரிடமும் இல்லை. அழற்சியைத் தணிக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற மருந்தை மனச்சோர்வு உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2013-இல் வெளியான ஆய்வில் மொத்தமாகப் பலன் தெரியவில்லை. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற புரதம் அதிகமாக இருந்தவர்களிடம் மட்டும் முன்னேற்றத்துக்கான அறிகுறி தென்பட்டது.

எஸ்எஸ்ஆர்ஐ வகை மனச்சோர்வு மருந்து எடுப்பவர்கள் இதே டைக்ளோஃபெனாக்கை மாத்திரையாகச் சேர்த்தால் இரைப்பையில் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். மருத்துவரைக் கேட்காமல் ஜெல்லிலிருந்து மாத்திரைக்கு மாறாதீர்கள்.