அக்ரிலிக்குக்கு மாறி ஒன்பது வருஷம்: யாழ்ப்பாணத்து வெக்கையில் எப்படிப் போகிறது

2016 மாரியில் ஒரு செத்தவீட்டுப் படத்தால்தான் எண்ணெய் வர்ணத்தை விட்டேன். படம் வரைந்து பிழைக்கிறவனுக்கு இங்கே நிச்சயமான வருமானம் என்றால் அது இறந்தவர்களின் முகம்தான். கலியாணவீட்டுக்குக் கமெராக்காரர், செத்தவீட்டுக்கு நான். முப்பத்தோராம் நாள் கீரிமலைக்குப் போய் அந்தியேட்டிச் சடங்கு முடித்து வரும்போது விறாந்தையில் மாலை போட்டு வைக்கப் படம் தேவை. வீட்டுக்காரர் கொஞ்சம் ஆறி, என்னை ஞாபகம் வந்து கூப்பிடுவதற்குள் பத்து நாள் போய்விடும், மிச்சம் இருபது நாள், அதுவும் கார்த்திகை மழைக்குள். ஆளிவிதை எண்ணெய் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலிருக்கும் ஒட்சிசனை எடுத்து மெல்ல மெல்ல இறுகுவது. அம்பர் போன்ற மண்ணிறங்கள் கெதியாய் இறுகிவிடும் (அதிலுள்ள மங்கனீசின் வேலை), டைட்டேனியம் வெள்ளை இழுத்துக்கொண்டே கிடக்கும். அந்த ஐயாவுக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சால்வை, தலையும் வெள்ளை. முப்பதாம் நாள் பின்னேரம் கண்ணாடி போட்டு பிரேம் அடித்தோம், விடிய எழும்பிப் பார்த்தால் சால்வை கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. மகன் ஒன்றும் சொல்லவில்லை, பேசிய காசைத் தந்துவிட்டு உள்ளே போனார். ஏசியிருந்தால் ஆறியிருப்பேன்.

அடுத்த கிழமையே டவுனில் ஒரு பெட்டி அக்ரிலிக் வாங்கினேன், பன்னிரண்டு சின்ன டியூப், மாணவர் தரம். அப்போது மகளுக்கு ஏழு மாதம். டர்பன்டைன் மணம் வீட்டை விட்டுப் போனதில் மனைவிக்கு வந்த சந்தோஷம் எனக்கு வர ஆறு மாதம் பிடித்தது. எண்ணெயில் கன்னத்தின் வெளிச்சப் பக்கத்தையும் நிழல் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காய்ந்த பிரஷால் தடவித் தடவி ஒன்றாக்கிப் பழகிய கை. அக்ரிலிக்கில் இரண்டாம் தடவல் போகும்போதே முதல் தடவல் தோல் பிடித்துவிடும், மூன்றாவதில் அது பிய்ந்து வரும். எனக்கு பிரஷ் பிடிக்கப் பழக்கிய மாஸ்டர் ஓவியர் மாற்குவிடம் படித்தவர், நான் மாறியது கேள்விப்பட்டு "பிளாஸ்டிக்கில கீறுறியாம்" என்றார். பிளாஸ்டிக்தான், அதை மறுக்க ஒன்றுமில்லை. தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக் துகள்கள், தண்ணீர் போனதும் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகின்றன. ஈரத்தில் அந்தப் பசை பால்போல இருக்கும், காய்ந்தால் தெளிந்துவிடும், அதனால் பூசும்போது பார்த்த நிறத்தைவிட காய்ந்த நிறம் ஒரு படி கறுப்பு. மற்றப் படத்துக்கு இது பெரிய விஷயமில்லை. முகத்துக்குப் பெரிய விஷயம். இப்போது எந்தத் தோல் நிறம் கலந்தாலும் ஒரு மட்டைத்துண்டில் பூசி, தலைமுடி காயவைக்கும் டிரையரைப் பிடித்து, காய்ந்த பிறகு போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் கன்வஸில் வைக்கிறேன். இவ்வளவும் செய்த பிறகும் வீட்டுக்காரர் வந்து "அப்பா இவ்வளவு கறுப்பில்லைத் தம்பி" என்பார்கள். போட்டோவில் இதைவிடக் கறுப்பாய் இருப்பார். அது அக்ரிலிக்கின் பிழையில்லை, அதற்கு இன்னும் ஒரு டியூப் வரவில்லை.

வெக்கையும் காற்றும்தான் நான் எழுத வந்த விஷயம், ஏனென்றால் வெளிநாட்டுக்காரர் போடும் வீடியோக்களில் இதைச் சொல்ல மாட்டார்கள். வைகாசியில் சோளகம் (தென்மேற்குக் காற்று) தொடங்கினால் என் விறாந்தையில் தட்டில் பிதுக்கிய வர்ணம் மூன்று நிமிஷத்தில் தோல் கட்டும். தண்ணீர் தெளித்துப் பார்த்தேன், காய்வதைத் தள்ளிப்போடும் திரவம் கலந்து பார்த்தேன் (அதைக் கூடப் போட்டால் நாள் முழுக்க பிசுபிசுவென்று நிற்கும், சோளகத்துத் தூசு முழுக்க மூக்கின் மேல் குடியேறும்). கடைசியில் நின்றது ஒரு ஐஸ்கிரீம் பெட்டி. இரண்டு லீட்டர்ப் பெட்டியின் அடியில் பழைய வேட்டித் துண்டை நாலாய் மடித்துப் போட்டு, தண்ணீர் ஊற்றி, மிச்சத் தண்ணீரை வடித்து, அதற்கு மேல் கேக் தட்டுக்குப் போடும் ஒட்டாத தாள். தாளின் மேல் வர்ணம். துணியின் ஈரம் தாளுக்குள்ளால் கொஞ்சம் கொஞ்சமாய் ஏறி வர்ணத்தைக் காயவிடாது. மூடி போட்டால் நாலு நாள் நிற்கும். ஐந்தாம் நாள் திறந்தால் பழைய கிணற்று மணம், ஆறாம் நாள் துணியில் கறுப்புப் பூஞ்சணம். வேட்டியை எடுத்து வெந்நீரில் அலம்பி வெயிலில் போட வேண்டும், எங்கள் வீட்டுக் கொடியில் நிறம் நிறமாய்த் தொங்குவது அதுதான்.

இந்தப் பெட்டியால் எனக்கு வந்த ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். எண்ணெய் காலத்தில் எனக்கென்று படம் கீறுவது வருஷத்தில் இரண்டோ மூன்றோ, விரிக்க ஒரு மணித்தியாலம், துடைக்க ஒரு மணித்தியாலம் என்றால் யாருக்கு மனம் வரும். இப்போது காலை ஆறு முதல் ஒன்பதரை வரை முகம், வெளிச்சமும் அப்போதுதான் நல்லது. அப்புறம் வெளிவேலை: முன்பள்ளிச் சுவரில் முயலும் யானையும், கடைப் பெயர்ப்பலகை, சனிக்கிழமையென்றால் பிள்ளைகளுக்கு வகுப்பு. நாலாம் நாள் பின்னேரம் பெட்டியில் மிச்சமிருப்பதை எறிய மனமில்லாமல் மட்டையில் எதையாவது கீறத் தொடங்கினேன், அரை மணித்தியாலம், சில நாள் இருபது நிமிஷம். கிணற்றடி, பங்குக்கிணற்றுத் துலா நின்ற இடம், சுண்ணாம்புக்கல் மதில், வடலி (இளம்பனை). புதிதாய் ஒரு டியூப்பும் திறப்பதில்லை என்று சட்டம். ஆகவே என் மதிலெல்லாம் யாரோ ஒருவரின் கன்னத்து நிறம், என் வடலிகளின் நிழல் யாரோ ஒரு அம்மாவின் சேலைக்கரை. முந்நூறுக்கு மேல் சேர்ந்துவிட்டது. ஒரு நண்பர் வந்து பார்த்துவிட்டு, ஏன் எல்லாம் ஒரே மாதிரிச் சூடான நிறமாய் இருக்கிறது, யாழ்ப்பாணத்து வெயிலைப் பிடித்திருக்கிறாய் என்று புகழ்ந்தார். நான் விளக்கம் சொல்லவில்லை.

கெட்ட பக்கம். காய்ந்த அக்ரிலிக் படலம் சூட்டில் இளகும், அது அந்தப் பிளாஸ்டிக்கின் குணம். 2019 சித்திரையில் நல்லூர்க் கோபுரப் படங்கள் ஏழு (வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கென்று திருவிழாவுக்கு முன்னமே கீறி வைப்பது) தகரக் கூரை அறையில் முகத்துக்கு முகம் அடுக்கி வைத்திருந்தேன். இழுத்தபோது 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம், ஒரு கோபுரத்தின் தங்கக் கலசம் மற்றக் கோபுரத்தின் வானத்தில் போய் ஒட்டிக்கொண்டது. மூன்று படம் போனது. இப்போது படத்துக்குப் படம் அதே கேக் தாள், நிமிர்த்தித்தான் வைப்பது, மேலே பாரம் இல்லை. வார்னிஷ் அடித்தால் தூசு ஒட்டுவது நன்றாய்க் குறையும். ஆனால் மழைக்காலத்தில் அடிக்காதீர்கள், ஈரக்காற்றில் பால்போல வெளிறும்.

வெக்கையில் இளகுவது குளிரில் விறைக்கும் என்பதை 2020 தையில் படித்தேன். ரொறன்ரோவில் ஒரு குடும்பத்துக்குத் தாத்தாவின் படம், வர்ணப் பக்கம் வெளியே இருக்கச் சுருட்டி நாலு அங்குலக் குழாய்க்குள் வைத்து அனுப்பினேன், எல்லாம் சரி. பார்சல் வாசலில் பனிக்குள் கிடந்திருக்கிறது. பேரப்பிள்ளைகள் கண்டதும் ஆசையில் அப்படியே விரித்துவிட்டார்கள். 10 பாகைக்குக் கீழே போகப்போக அந்தப் படலம் உடையத் தொடங்கும், அங்கே அன்றைக்குச் சைபருக்கும் கீழே. நெற்றியிலிருந்து தாடைவரை குறுக்கே வெடிப்பு. திரும்பக் கீறி அனுப்பினேன். இப்போது குழாயின் மேல் பெரிய எழுத்தில் ஒட்டுகிறேன்: "வீட்டுச் சூட்டில் ஒரு நாள் வைத்துத் திறக்கவும்". தமிழில்தான். பேரப்பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாமல் அம்மாவைக் கூப்பிடுவார்கள், அதற்குள் கொஞ்சம் சூடேறும்.

தண்ணீர் பற்றி ஒரு வரி. எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லுக்குள், பால்மாப் பேணியில் பிரஷ் கழுவிய தண்ணீர் காய்ந்தால் பேணியைச் சுற்றி வெள்ளை வளையம் நிற்கும். அதே வளையம் கறுப்புச் சேலையின் மேல் மெல்லிய பூச்சுப் போட்டாலும் வரும், நான் இரண்டு வருஷம் வர்ணத்தைக் குறை சொல்லிக்கொண்டு திரிந்தேன். மெல்லிய பூச்சுக்கு மட்டும் மாரியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர். பிரஷ் அடிக்கட்டையில் இறுகிப்போனால் பார்மசியில் விற்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஊறவிட்டுச் சவர்க்காரம் போடுங்கள், பாதிப் பிரஷ் திரும்பி வரும்.

2022ஐ எழுதாமல் விட முடியாது. மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவளவில் இருந்தது, மே மாதம் 360. வெள்ளை டியூப் கடையிலேயே இல்லை, இருந்த கடையில் விலை கேட்டுவிட்டு வெளியே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை. சார்ஜ் பண்ணும் எல்.ஈ.டி. லைட்டில் இரவில் கீறிய ஒரு முகம் காலையில் பார்த்தால் பாசி பிடித்த மாதிரிப் பச்சை. அந்த வருஷம் பெட்டிக்குள் ஒரு துளியும் காயவிடவில்லை. அந்தக் காலத்திலும் செத்தவீடு நடந்தது, ஆட்கள் படமும் கேட்டார்கள். ஒரு அம்மா கொண்டுவந்த போட்டோ 1995 ஒக்டோபர் யுத்த இடப்பெயர்வில் மழையில் நனைந்தது, கணவரின் தோளில் பெரிய கறை. கறையை எடுத்துவிடுகிறேன் என்றேன். "வேண்டாம் ராசா, உது இல்லாமல் எனக்கு அவரைத் தெரியாது" என்றார். பேர்ன்ட் சியன்னாவில் தண்ணீர் கூட்டிக் கறையைக் கீறினேன். ஒன்பது வருஷத்தில் அக்ரிலிக் மிக நன்றாய் வேலை செய்த ஒரு இடம் அதுதான், எண்ணெயில் அப்படி ஓடியிராது.

நிறம் மங்குவது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். டியூப்பின் முன்பக்கத்துப் பெயரை நம்ப வேண்டாம், பின்பக்கத்தில் போட்டிருக்கும் நிறப்பொடியின் எண்ணைப் பாருங்கள். அலிசரின் சிவப்பு, அதாவது பி.ஆர். 83, வெளிச்சத்தில் மங்கும் என்பது பழைய சங்கதி. அதற்குப் பதில் குயினக்ரிடோன் வகை, பி.வி. 19, வாங்கலாம். எண்ணே போடாத டியூப்பில் என்ன இருக்கிறதென்று கடவுளுக்குத்தான் தெரியும், அப்படி ஒன்றில் நான் கீறிய கூறைச்சேலை நாலு வருஷத்தில் பழைய செங்கல் நிறமாகிவிட்டது. அதற்குப் பிறகு புதிதாய் எது வாங்கினாலும் ஒரு பட்டை பூசி, பாதியைத் தகரத்துண்டால் மூடி, ஜன்னல் கம்பியில் கட்டிவிடுவேன். பங்குனியில் கட்டினால் ஆவணியில் தெரிந்துவிடும்.

எண்ணெய்க்குத் திரும்புவேனா என்றால், ஒரு படத்துக்குத் திரும்பினேன். அப்பா 2021இல் போனார். முப்பத்தோராம் நாளுக்கு என்னால் கீற முடியவில்லை, போட்டோவைப் பெரிதாக்கித்தான் வைத்தோம், சனம் என்ன நினைத்ததோ. பிறகு எண்ணெயில் தொடங்கினேன். அவசரமில்லை. வாய் இன்னும் சரிவரவில்லை.

புதிதாய்த் தொடங்குகிறவர்கள் பன்னிரண்டு டியூப் பெட்டி வாங்காதீர்கள், அதில் ஐந்து காய்ந்துதான் போகும். டைட்டேனியம் வெள்ளை பெரிய டியூப், மஞ்சள் ஓக்கர், பேர்ன்ட் சியன்னா, பேர்ன்ட் அம்பர், அல்ட்ராமரைன் நீலம், ஒரு நல்ல சிவப்பு. கொழும்புக்கு யாராவது போனால் சொல்லி விடுங்கள், இரவு பஸ்ஸில் சீற்றுக்குக் கீழே வைக்கச் சொல்லுங்கள், மேலே வைத்தால் மூடி கழன்று யாரோ ஒருவரின் தலையில் ஊற்றும். எனக்கு நடந்தது. நீலம்.